வரிசை ஏன் நிற்கிறது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிப்பொறி அறிவியல்) மாணவி

ஏழை வீட்டில் காகிதத்துக்கு இருக்கும் மதிப்பே தனி. பிறந்தால் ஒரு காகிதம். பள்ளியில் சேர ஒரு காகிதம். சாதிக்கு ஒன்று, வருமானத்துக்கு ஒன்று, குடியிருக்கும் இடத்துக்கு ஒன்று. இறந்த பின்னும் ஒரு காகிதம் வந்து சேராமல் கணக்கு முடிவதில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் பட்டப்படிப்புப் படித்ததில்லை. படித்ததில்லை என்பதற்குக்கூட ‘முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ்’ என்று ஒரு காகிதம் உண்டு. இல்லாத ஒன்றுக்கும் சான்று வேண்டியிருக்கிற உலகத்தில், அச்சுப்பொறியின் முன் காத்து நிற்காதவர் யார்?

இச்சான்றுகள் எல்லாம் இன்று கணிப்பொறி வழியாகவே வந்துவிடுகின்றன என்று சொல்கிறோம். உண்மைதான். ஆனால், வந்தது கைக்கு எட்ட வேண்டுமானால் கடைசிப் படியில் ஓர் அச்சுப்பொறி இருக்கிறது. விண்ணப்பம் ஒரு நொடியில் சென்னைக்குப் போய்த் திரும்பிவிடும். அச்சுப்பொறி நின்றுவிட்டால், மரக்காணம் கடைத்தெருவில் பத்துப் பேர் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அந்தக் கடைசிப் படியைப் பற்றியும், அதைக் கட்டளைகளால் ஆள்வது பற்றியும் நான் கற்றதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதன்முதலாக அச்சேறியது நம் தமிழ். 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிடப்பட்டது. அன்று அச்சுக் கோத்தவர் தம் கையால் எழுத்தை எடுத்து அடுக்கினார். வேலை நின்றால் எங்கே நின்றது என்று அவர் கண்ணுக்கே தெரிந்தது. இன்று நாம் ஒரு பொத்தானை அழுத்துகிறோம். காகிதம் வந்தால் மகிழ்கிறோம். வராவிட்டால் மறுபடியும் அழுத்துகிறோம். பொத்தானுக்கும் காகிதத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது நம்மில் பலருக்கு இருட்டறையாகவே இருக்கிறது.

அந்த இருட்டறைக்குள் இருப்பது ஒரு வரிசை. கணிப்பொறி, நாம் அனுப்பும் கோப்பை நேரே அச்சுப்பொறிக்கு ஊட்டுவதில்லை. கணிப்பொறி விரைவானது, அச்சுப்பொறி மெதுவானது. ஆகவே கோப்புகளை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, வந்த முறைப்படி வட்டில் அடுக்கி வைக்கிறது. அச்சுப்பொறி ஓய்ந்ததும் அடுத்ததை அனுப்புகிறது. இதுவே அச்சு வரிசை. ரேஷன் கடையில் அட்டையை அடுக்கி வைத்துப் பெயர் கூப்பிடுவதைப் போன்றது என்றால் எளிதில் விளங்கும்.

இந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொரு கோப்பும் உருமாறிக்கொண்டே போகிறது. நாம் எழுதிய கடிதம் முதலில் பக்கங்களாக வகுக்கப்படுகிறது. பக்கங்கள் புள்ளிகளாக மாறுகின்றன. புள்ளிகள் அந்தக் குறிப்பிட்ட அச்சுப்பொறிக்குப் புரியும் மொழிக்கு மாற்றப்படுகின்றன. உப்பளத்து மண்ணில் பிறந்த எனக்கு இதை விளங்கிக்கொள்ள வேறோர் உவமை தேட வேண்டியிருக்கவில்லை. கடல் நீர் நேராக உப்பாகிவிடுவதில்லை. வாய்க்கால் வழியே வந்து, ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மடை மாறி மாறி, வெயிலில் சுண்டிச் சுண்டிப் போக வேண்டும். கடல் நீர் போமே அளவையில் ஏறத்தாழ 3 டிகிரி இருக்கும். அது 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்புப் பூக்கும். 30 டிகிரியைத் தொட விட்டுவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கசப்பேறிவிடும். அந்த நீரை வெளியேற்றிவிட வேண்டும். உப்பு விளையவில்லை என்றால் எங்கள் அம்மா கடைசிப் பாத்தியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார். வரப்பின் மேல் ஏறி ஒவ்வொரு மடையாகப் பார்த்துக்கொண்டே மேலே போவார். எங்கோ ஒரு மடை அடைத்திருக்கும்.

அச்சு வரிசையிலும் அப்படி மடை பார்க்க முடியுமா? முடியும். அதற்கான வரப்புத்தான் கட்டளை வரி.

லினக்ஸ் இயங்குதளங்களில் அச்சுப் பணியைக் கவனித்துக்கொள்வது ‘கப்ஸ்’ என்னும் மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் என்ற அமெரிக்கர் 1997-இல் இதை எழுதத் தொடங்கி 1999-இல் வெளியிட்டார். 2002-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணிப்பொறிகளுக்கும் இதையே ஏற்றுக்கொண்டு, 2007-இல் விலைக்கும் வாங்கியது. ஆயினும் அதன் மூல நிரல் எல்லோரும் படிக்கவும் திருத்தவும் திறந்தே இருக்கிறது. விலை உயர்ந்த கணிப்பொறியிலும், மரக்காணத்து நகல் கடையின் பழைய மடிக்கணினியிலும் ஒரே மென்பொருள் இயங்குகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அதன் கட்டளைகளுள் பலவும் ‘எல்பி’ என்று தொடங்கும். ‘லைன் பிரிண்டர்’ என்பதன் சுருக்கம் அது. ஒவ்வொரு வரியாகத் தட்டி அச்சிட்ட பழைய பொறிகளின் பெயர். அப்பொறிகள் அருகிவிட்டன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பண்டமாற்று ஒழிந்த பின்னும் நாம் ‘படியளப்பவர்’ என்று சொல்வதில்லையா, அதைப் போலத்தான்.

புதிதாக ஓர் அச்சுப்பொறியை இணைக்க வேண்டுமென்றால் முதலில் ‘எல்பி-இன்ஃபோ’ என்று கேட்க வேண்டும். எந்தெந்தப் பொறிகள் கண்ணுக்குத் தெரிகின்றன என்று அது சொல்லும். அடுத்து ‘எல்பி-அட்மின்’. இதற்கு மூன்று செய்திகள் தேவை: பொறிக்கு நாம் வைக்கும் பெயர் என்ன, அது இருக்கும் முகவரி என்ன, அதற்குப் புரியும் மொழி எது. பெயர், ஊர், பேச்சு. புதிதாக ஊருக்கு வந்தவரிடம் நாம் கேட்கும் அதே மூன்று கேள்விகள்! கம்பி வழியாகவோ வலைப்பின்னல் வழியாகவோ இணையும் புதிய பொறிகள் பெரும்பாலும் பொது மொழி ஒன்றைப் பேசுகின்றன. அவற்றுக்கு ‘எவ்ரிவேர்’ என்று ஒரு சொல் எழுதினால் போதும். பழைய பொறிகளுக்கு உரிய ஓட்டியைத் தேடிக் கொடுக்க வேண்டும்.

இணைத்த பிறகு நாள்தோறும் உதவுபவை நான்கைந்து கட்டளைகளே. ‘எல்பி-ஸ்டாட்’ என்று தட்டினால் நிலவரம் தெரியும். பொறி ஓடுகிறதா, நிறுத்தப்பட்டிருக்கிறதா, எப்போது முதல், எந்தக் காரணத்தால் என்று சொல்லும். ‘எல்பி-கியூ’ என்று தட்டினால் வரிசையில் நிற்கும் கோப்புகளை முதலாவது, இரண்டாவது என்று பெயரோடு வரிசைப்படுத்தும். ‘கேன்சல்’ என்றால் நீக்கும். ‘எல்பி-மூவ்’ என்றால் ஒரு பொறியின் வரிசையிலிருந்து மற்றொரு பொறியின் வரிசைக்கு மாற்றும்.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தவை இரண்டு கதவுகள். ‘கப்ஸ்-டிஸேபிள்’ என்றால் பொறி அச்சிடுவதை நிறுத்தும். ஆனால் புதிய கோப்புகள் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டே இருக்கும். ‘கப்ஸ்-ரிஜெக்ட்’ என்றால் புதிய கோப்புகளை ஏற்காது. ஆனால் ஏற்கெனவே நிற்பவை அச்சாகிக்கொண்டிருக்கும். ஒன்று கீழ்மடை, மற்றொன்று மேல்மடை. எந்த மடையை எப்போது அடைப்பது என்று அறிவதுதானே பாத்தி வேலை! இன்னும் ஒன்று: பொறியை நிறுத்தும்போது காரணத்தையும் எழுதி வைக்க அதில் இடம் உண்டு. “மை தீர்ந்தது, மாலை வரும்” என்று எழுதிவிட்டால், நிலவரம் கேட்கும் ஒவ்வொருவருக்கும் அது தெரியும். காரணம் சொல்லாமல் நம்மை நிற்க வைக்கும் இடங்கள் எத்தனையோ உலகத்தில் உண்டு. அவற்றுக்கு நடுவே இந்தச் சிறிய வசதி எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

படித்த இந்தக் கட்டளைகள் பயன்பட்ட ஒரு மாலையைச் சொல்ல வேண்டும்.

மாலை வேளைகளில் நான் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் உள்ள ஒரு நகல் கடையில் வேலை செய்கிறேன். கடை அண்ணனின் தம்பி பள்ளியில் படித்தபோது அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிதான் அங்கே இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு தொடங்கிய அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் இருந்தது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இயங்குதளம் அது. இப்போது கடையில் லினக்ஸ் மட்டுமே ஓடுகிறது. லேசர் பொறி ஒன்று, மைத்தொட்டி வைத்த வண்ணப் பொறி ஒன்று, ஆக இரண்டு பொறிகள்.

மழைக்காலத்தில் உப்பளங்களில் வேலை இராது. அந்த மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. ஐப்பசி மாதத்தில் ஒருநாள், ஆதார், வங்கிப் புத்தகம், நல வாரிய அட்டை ஆகியவற்றின் நகல்களுக்காகக் கடை முன் பெரிய கூட்டம். நான் திண்டிவனம் பேருந்தை விட்டு இறங்கி வரும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. வரிசை பக்கத்துத் தேநீர்க் கடை வரை நீண்டிருந்தது. எங்கள் அம்மாவும் அதில் நின்றார்.

“பேப்பர் சிக்கிச்சு, எடுத்துட்டேன் பாப்பா. பச்ச லைட்டுகூட எரியுது. ஆனா ஒண்ணும் வரமாட்டேங்குது” என்றார் அண்ணன்.

“எத்தினி வாட்டி அனுப்புனீங்கண்ணே?”

“வரலன்னுதான் திருப்பித் திருப்பி அனுப்புறேன். மூணு வாட்டி அணைச்சும் போட்டுட்டேன்.”

நான் கறுப்புத் திரையைத் திறந்து நிலவரம் கேட்டேன். விடை ஒரே வரியில் வந்தது. காகிதம் சிக்கிய நேரத்தில் கணிப்பொறி லேசர் பொறியின் வரிசையைத் தானே நிறுத்தி வைத்திருந்தது. சிக்கலை நீக்கிவிட்டோம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. பொறியின் மின்சாரத்தை நூறு முறை அணைத்துப் போட்டாலும் வரிசை நின்றபடியேதான் நிற்கும். ஏனென்றால் நின்றது பொறி அன்று, வரிசை.

‘கப்ஸ்-எனேபிள்’ என்ற ஒரே கட்டளையில் அதை ஓடவிட்டிருக்கலாம். ஆனால் முதலில் வரிசையைப் பார்த்தேன். ஒரே பெயருள்ள கோப்பு மூன்று முறை, நான்கு முறை நின்றிருந்தது. அப்படியே மடையைத் திறந்தால் ஒவ்வொருவருடைய தாளும் நான்கு முறை வரும். வேண்டாத தாளுக்குக் காசு யார் கொடுப்பது? உப்பு வாரும் கைகளுக்கு மழைக்காலத்தில் ஒவ்வொரு ரூபாயும் கணக்குத்தான். ஆகவே இரட்டிப்புகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். வரிசையின் தலையில், படமெடுத்த பக்கங்கள் நிறைந்த ஒரு பெரிய பத்திரம் இருந்தது. அதன் உரியவரிடம், “ஐயா, வேற மிஷின்ல போட்டுத் தரட்டுமா? கொஞ்சம் நேரமாகும், ஆனா இங்க நிக்க வேண்டாம், உள்ள உக்காருங்க” என்று கேட்டேன். அவர் தலையசைத்த பிறகு அதை வண்ணப் பொறியின் வரிசைக்கு மாற்றினேன். அதன் பிறகே மடையைத் திறந்தேன். லேசர் பொறி ஒரு முறை முனகிவிட்டுத் தாள்களைத் தள்ளத் தொடங்கியது.

இதுவரை நடந்தது வெறும் தொழில்நுட்பம். இதற்குப் பின் நடந்ததுதான் என்னைச் சிந்திக்க வைத்தது.

“பாப்பா, உங்கம்மாவோடத மேல ஏத்திடு. காலையிலேர்ந்து அளத்துல நின்னுட்டு வந்திருப்பாங்க. உனக்குத்தான் அந்தக் கட்டளயும் தெரிஞ்சிருக்குமே” என்றார் அண்ணன், அன்பாகத்தான்.

தெரியும். கோப்பு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 100 வரை முன்னுரிமை எண் உண்டு. எதுவும் சொல்லாவிட்டால் எல்லோருக்கும் 50. ‘எல்பி’ கட்டளையில் கோப்பின் எண்ணைக் குறித்து 100 என்று மாற்றினால் அது அடுத்த தாளாக வந்துவிடும். வெளியே நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. யாரையும் இடிக்க வேண்டாம், யாரிடமும் வாய்ச்சண்டை வேண்டாம். மூன்று எண்களைத் தட்டினால் போதும்.

நான் அம்மாவைப் பார்த்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “எனக்கு முன்னால இத்தினி பேரு நிக்கிறாங்க இல்ல? முறத்தண்ணியில நாம மடய மாத்தினா, நாளிக்கு நம்ம முறையில யாரு உடுவாங்க?” என்றார். அவ்வளவுதான். அவர் இடத்திலேயே நின்றார்.

சற்று நேரத்தில், கந்தாட்டுக்குப் போக வேண்டிய ஒரு பெண், கைக்குழந்தையோடு, கடைசிப் பேருந்து போய்விடுமே என்று தவித்தார். வரிசையில் நின்ற பெண்களே, “அதுக்கு முதல்ல குடுத்து அனுப்பு தாயி” என்றார்கள். அப்போது அந்த 100-ஐத் தட்டினேன். அதே கட்டளைதான். கேட்காமல் செய்திருந்தால் களவு. வரிசை தானே சொல்லிச் செய்தபோது அது உதவி. இந்த வேறுபாட்டைக் கணிப்பொறி எனக்குச் சொல்லித் தரவில்லை. அது எல்லாக் கட்டளைக்கும் ஒரே மாதிரி தலையாட்டும். சொல்லித் தந்தது உப்பளம்.

அச்சு வரிசைக்கும் இத்தகைய கேள்விகளுக்கும் உள்ள உறவு புதிதன்று என்று பின்னர் படித்தபோது மகிழ்ச்சி அடைந்தேன். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் செயற்கை அறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் நிரலாளர் பணியாற்றினார். அங்கிருந்த அச்சுப்பொறி வேறொரு மாடியில் இருந்தது. காகிதம் அடிக்கடி சிக்கும். காத்திருப்பவர்களுக்கு அது தெரியாது. ஸ்டால்மன் பழைய பொறியின் நிரலைத் திருத்தி, காகிதம் சிக்கினால் வரிசையில் காத்திருக்கும் எல்லோருக்கும் செய்தி போகும்படி செய்திருந்தார். யாராவது ஒருவர் எழுந்து போய்ச் சரிசெய்வார். பிறகு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு புதிய லேசர் பொறியை ஆய்வகத்துக்கு அளித்தது. விரைவான பொறி, ஆனால் அதன் மூல நிரல் தரப்படவில்லை. நிரலை வைத்திருந்த ஒருவரைத் தேடி ஸ்டால்மன் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக்கே போய்க் கேட்டார். கொடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டால்மன் மனத்தில் ஆழமாகத் தைத்தது. 1983 செப்டம்பரில் அவர் ‘க்னூ’ திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருள் இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது.

எண்ணிப் பாருங்கள், நண்பர்களே! நம் ஊரில் நகல் எடுக்கும் கடைக்கே ‘ஜெராக்ஸ் கடை’ என்றுதான் பெயர். அந்தப் பெயருள்ள ஒரு பொறியின் முன், வரிசை ஏன் நிற்கிறது என்று ஒருவர் கேட்ட கேள்வியும், உலகத்தைத் திருப்பிய ஓர் இயக்கத்துக்கு வித்தாக இருந்தது. அவர் இலவசமாக அச்சடித்துத் தரச் சொல்லவில்லை. முந்திக்கொள்ளவும் கேட்கவில்லை. காத்திருப்பவர்களுக்குக் காரணம் தெரிய வேண்டும் என்றார். அவ்வளவே.

“சன்னலில் இரண்டு முறை சொடுக்கினால் ஆகிற வேலைக்குக் கறுப்புத் திரை எதற்கு?” என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். சொடுக்கினால் ஆகும்போது நானும் சொடுக்கவே செய்கிறேன். ஆனால், சன்னல் காட்டுவது அதை வரைந்தவர் நமக்குக் காட்ட நினைத்ததை மட்டுமே. ‘அச்சாகிறது’ என்று ஒரு சொல்லைக் காட்டிவிட்டு அது பேசாமல் இருந்துவிடும். கட்டளை வரியில் நாம் கேள்வி கேட்கிறோம். நாம் கேட்டதற்கு விடை வருகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. சொடுக்குவதைச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் நிற்க வேண்டும். “மேலே, அந்த மூலையில், இல்லை இல்லை, அதற்குப் பக்கத்தில்” என்று தொலைபேசியில் சொல்லிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். கட்டளையோ சொல்லால் ஆனது. சொல்லை எழுதலாம், படிக்கலாம், தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்லலாம். இன்று எங்கள் கடைக் கல்லாப்பெட்டியின் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று தொங்குகிறது. அதில் அண்ணன் தம் கையெழுத்தில், தமிழ் எழுத்திலேயே, ‘எல்பி ஸ்டாட் – நிலவரம்’, ‘எல்பி கியூ – யார் யார்’, ‘கேன்சல் – வேணாம்’, ‘கப்ஸ் எனேபிள் – மடை திற’ என்று எழுதி வைத்திருக்கிறார். எதிரே ஆங்கிலத்தில் அப்படியே தட்ட வேண்டிய எழுத்துகள். நான் பேருந்தில் இருக்கும்போதே அவர் வரிசையைப் பார்த்துவிடுகிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம், கல்வி என்பது ஒருவர் தலையில் தங்கிவிடாமல் அடுத்தவர் கைக்குப் போய்ச் சேர்வதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு இக்கட்டளைகளின் முதல் பாடம் பள்ளியில் கிடைக்கவில்லை. விழுப்புரத்தில் வி.ஜி.எல்.யு.ஜி. என்னும் கட்டற்ற மென்பொருள் அமைப்பு கிராமத்து மாணவர்களுக்கு வார இறுதிகளில் கட்டணமின்றி வகுப்பு நடத்துகிறது. அங்கே போய் வந்த பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் எனக்குச் சொல்லித் தந்தார். ஒருவருக்கு வந்தது மற்றவருக்கும் போனது. திருத்தவும் பகிரவும் திறந்த மென்பொருள் என்பதால்தான் இது இயல்பாயிற்று. உரிமம் கேட்க வேண்டியதில்லை, காசு கட்ட வேண்டியதில்லை. கற்க மனம் இருந்தால் போதும்.

நம் கல்லூரிக்கு வருவோம். செய்முறைப் பதிவேடு ஒப்படைக்கும் வாரத்தில் எந்த ஆய்வகத்திலும் அச்சுப்பொறி படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே நாள், ஒரே பொறி. இந்நிலையில் மூன்று செய்திகளைப் பணிவோடு பேராசிரியர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, லினக்ஸ் ஆய்வகங்களில் உள்ள பொறிகளை ஒரே ‘வகுப்பாக’ இணைக்கலாம். ‘எல்பி-அட்மின்’ கட்டளையிலேயே அதற்கு வழி இருக்கிறது. வகுப்புக்கு அனுப்பிய கோப்பை, எந்தப் பொறி ஓய்வாக இருக்கிறதோ அது எடுத்துக்கொள்ளும். ஒரு வாய்க்காலிலிருந்து இரண்டு பாத்திகளுக்கு நீர் பாய்வதைப் போல.

இரண்டாவது, பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்ற கொள்கையை ஒவ்வொரு பொறிக்கும் நாமே வகுக்கலாம். வரிசையை நிறுத்திவிடலாம், அந்தக் கோப்பைக் கைவிட்டு அடுத்ததற்குப் போகலாம், அதே கோப்பைத் திரும்ப முயலலாம். எங்கள் கடைக்கு அன்றைய மாலைக்குப் பிறகு மூன்றாவதை வைத்தோம். முன்னால் நிற்பவர் இடம் போகாது. காகிதத்தைச் சரிசெய்ததும் அவரிலிருந்தே தொடரும்.

மூன்றாவது, பொறியின் பக்கத்தில் ஓர் அட்டை. தமிழில் ஐந்து கட்டளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். அதை எழுதித் தர எங்கள் வகுப்பு மாணவிகள் காத்திருக்கிறோம். கணிப்பொறித் துறை அல்லாத வரலாற்று மாணவரும், தமிழ் இலக்கிய மாணவியும் வரிசை எங்கே நிற்கிறது என்று தாமே பார்க்க வேண்டும். நீக்கும் உரிமையும் முந்தும் உரிமையும் ஒரு பொறுப்பாளரிடம் இருக்கட்டும். பார்க்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கட்டும்.

வரிசையில் நிற்பது இழிவன்று. நம் தாய் தந்தையர் வாழ்நாள் முழுதும் ஏதோ ஒரு வரிசையில் நின்றுதான் நம்மை இங்கே அனுப்பியிருக்கிறார்கள். கூலிக்கு நின்றார்கள், தண்ணீருக்கு நின்றார்கள், நம் விண்ணப்பப் படிவத்துக்கும் நின்றார்கள். நிற்பதால் அவர்கள் சோர்ந்ததில்லை. ஏன் நிற்கிறோம், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், முன்னால் யார் என்று தெரியாமல் நிற்பதுதான் அவர்களைச் சோர வைத்தது. “சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க” என்ற சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்து திரும்பிய எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுள் யாரும் “எந்த மடையில் அடைப்பு?” என்று திருப்பிக் கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

படிக்க வந்த நாம் அதைக் கேட்கக் கற்றுக்கொள்வோம். கேட்டு அறிந்ததை, நின்றுகொண்டிருப்பவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்வோம். முந்திச் செல்லும் கட்டளை நம் விரல் நுனிக்கு வரும். பட்டம் என்பதும் அப்படிப்பட்ட ஒரு கட்டளைதான். அதை எப்போது தட்டலாம், எப்போது தட்டக்கூடாது என்பதை வரிசையில் நிற்பவர்களிடமே கேட்டுக்கொள்வோம்.